ஊதா மையும் ஓசி அட்டையும்

ரப்பர் ஸ்டாம்புக்கு மை என்றால் ஊதா மைதான் என்று யாரோ சட்டம் போட்டு வைத்தது மாதிரி ஒரு நம்பிக்கை தமிழ்நாடு முழுக்க இருக்கிறது. ஸ்டேஷனரிக் கடையில் போய் "ஸ்டாம்ப் பேடு இங்க் ஒண்ணு குடுங்கண்ணே" என்றால் "ஊதாவா, நீலமா?" என்ற ஒரே ஒரு கேள்விதான் வரும். எந்தப் பேப்பரில் குத்தப் போகிறீர்கள் என்று கடைக்காரர் கேட்பதில்லை. வாங்க வந்தவரும் சொல்வதில்லை. கலரைக் கேட்டு மை வாங்குவதும், கலரைப் பார்த்து மாத்திரை வாங்குவதும் ஒன்றுதான். இரண்டுக்கும் பலன் பிறகுதான் தெரியும்!

"போயும் போயும் ஸ்டாம்பு மைக்கு ஒரு கட்டுரையா?" என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். ஆபீஸ் ரசீதில் சீல் கொஞ்சம் இழுவினால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் வாழ்த்து அட்டை, கிஃப்ட் கவர், காகிதப் பை, கல்யாணத் தாம்பூலக் கவர் என்று செய்து விற்கிற ஒரு வீட்டில், இழுவின மை என்பது இழுவின வருமானம்.

எதற்கு இந்த ஊர்க் கதை?

விருதுநகரை ஒட்டி, கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் இருக்கிறது சூலக்கரை. அங்கிருந்து ஒரு பக்கம் சிவகாசி, இன்னொரு பக்கம் சாத்தூர். பட்டாசு, தீப்பெட்டி, அச்சு. இந்த மூன்றும்தான் இந்தச் சுற்றுவட்டாரத்தின் சோறு. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பு கலந்த பட்டாசுக்குத் தடை போட்டு, பசுமைப் பட்டாசு மட்டும்தான் என்றது. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும், ஒவ்வொரு தீர்ப்புக்குப் பிறகும் ஒரு பேச்சு கிளம்பும். "பொம்பளைங்களுக்கு வீட்டுல இருந்தே செய்யற மாதிரி வேற வேலை வேணும்." அந்தப் பட்டியலில் தவறாமல் வருவது காகிதக் கைவினை. போதாததற்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை. காகிதப் பைக்கு மவுசு கூடியது.

பேச்சு நல்ல பேச்சுதான். பேப்பரும் கையெட்டும் தூரத்தில் கிடக்கிறது. காலண்டர், டைரி, லேபிள், நோட்டுப் புத்தகம் என்று அடித்துத் தள்ளுகிற ஊர் சிவகாசி. கட்டிங் மெஷினில் விழுகிற துண்டுப் பேப்பரும் அட்டையும் எடைக்கு எடை மலிவாகக் கிடைக்கும். தெரிந்த பிரஸ் என்றால் ஓசியாகவே கிடைக்கும். ஒரு ரப்பர் ஸ்டாம்பு, ஒரு ஊதா பேடு, ஒரு பாட்டில் பசை. முடிந்தது முதலீடு.

இங்கேதான் வினையே ஆரம்பிக்கிறது. அந்த ஓசி அட்டைக்கும் ஊதா மைக்கும் ஜென்மப் பகை!

பகை எப்படி?

ஸ்டாம்ப் பேடில் ஊற்றுகிற சாதாரண மை என்பது தண்ணீரில் கரைகிற சாயம், கொஞ்சம் தண்ணீர், அதோடு கிளிசரின் அல்லது கிளைகால். கிளிசரின் எதற்கு? பேடு காயாமல் இருப்பதற்கு. டப்பாவைத் திறந்து வைத்தாலும் நாள் கணக்கில் பேடு ஈரமாக இருப்பது அதனால்தான். பேடுக்கு அது நல்லது. ஆனால் பேடில் காயாதது பேப்பரில் மட்டும் எப்படிக் காயும்? உண்மையில் காய்வதே இல்லை. பேப்பர் அதை உறிஞ்சிக்கொள்கிறது, அவ்வளவுதான். நோட்டுப் பேப்பர், மேப்லித்தோ, காக்கி கலர் கிராஃப்ட் பேப்பர் எல்லாம் நன்றாக உறிஞ்சும். மை நாருக்குள் இறங்கிவிடும். கையால் தேய்த்தாலும் ஒட்டாது.

இப்போது பிரஸ்ஸில் இருந்து வரும் துண்டைப் பாருங்கள். பாதிக்கு மேல் காலண்டருக்கும் லேபிளுக்கும் வெட்டின ஆர்ட் பேப்பர், ஒரு பக்கம் பளபளக்கும் டூப்ளெக்ஸ் அட்டை. அந்தப் பளபளப்பு எங்கிருந்து வருகிறது? களிமண்ணும் சுண்ணாம்புத் தூளும் பசையோடு சேர்த்துப் பேப்பர் மேல் பூசியிருக்கிறார்கள். அச்சு மை உள்ளே இறங்காமல் மேலேயே நின்று கலர் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்தப் பூச்சு. அதாவது உறிஞ்சாமல் இருப்பதுதான் அந்தப் பேப்பரின் உத்தியோகமே! அதன் மேல் போய், உறிஞ்சினால் மட்டுமே காய்கிற மையைக் குத்தினால் என்ன ஆகும்? அடுத்த நாள் காலையிலும் விரல் பட்டால் ஊதாக் கோடு.

இது போதாதென்று மழை வேறு. கிளிசரின் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளது. கந்தக பூமி என்று பேரெடுத்த ஊரானாலும் ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் ஈரம் ஏறத்தான் செய்யும். கோடையில் செய்து பார்த்து "நல்லாத்தான காஞ்சுச்சு" என்றவர்கள், தீபாவளி ஆர்டரை அடுக்கிக் கட்டி வைத்தால் மேல் அட்டையின் பூ கீழ் அட்டையின் முதுகில் போய் உட்கார்ந்திருக்கும். பழி யார் மேல்? "கைவேலை சுத்தமில்ல." கை சுத்தமாகத்தான் இருந்தது. மைதான் தப்பு.

"மையில போய் என்ன இருக்கு?" என்பவர்களுக்கு

மை சின்ன விஷயம் என்று நினைக்காத ஒரு ஆள் இந்த நாட்டில் உண்டு. தேர்தல் ஆணையம். விரலில் வைக்கிற அழியாத மை 1962 பொதுத் தேர்தலில் இருந்து இருக்கிறது. தயாரிப்பது கர்நாடக அரசின் மைசூர் பெயிண்ட்ஸ் நிறுவனம். அதில் வெள்ளி நைட்ரேட் இருக்கிறது. தோலில் பட்டு, வெளிச்சம் பட்டதும் கறுத்துவிடும். சோப்புப் போட்டாலும் போகாது. எழுதுகிற மையைக் கொஞ்சம் கெட்டியாகக் கலந்து வைத்தால் போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை. எதன் மேல் வைக்கப் போகிறோம், எத்தனை நாள் நிற்க வேண்டும் என்று கேட்டுத்தான் மையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இன்னொன்று. வாக்குச்சீட்டில் குத்துகிற முத்திரை ஏன் ஸ்வஸ்திக் மாதிரி கைகள் மடங்கிய குறுக்குக் கோடாக இருக்கிறது? சீட்டை மடிக்கும்போது ஈர மை எதிர்ப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டின தடம் கண்ணாடி பிம்பமாகத் திரும்பி விழும். கைகள் எந்தப் பக்கம் மடங்கியிருக்கின்றன என்று பார்த்தால் எது குத்தின ஓட்டு, எது ஒட்டின ஓட்டு என்று தெரிந்துவிடும். வெறும் பெருக்கல் குறியாக இருந்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஓட்டே செல்லாமல் போகும். 2019 டிசம்பரில் விருதுநகர் மாவட்டக் கிராமங்களில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலும் வாக்குச்சீட்டில் முத்திரை குத்தி நடந்ததுதான். மை இழுவும் என்று தெரிந்து, அதற்கு ஏற்ற மாதிரி முத்திரையையே வடிவமைத்த நாட்டில், "மையில போய் என்ன இருக்கு" என்று கேட்பது கொஞ்சம் ஓவர்.

இரண்டாவது தப்பு: பிரஸ் டின் மை

ஊதா மை ஒட்டவில்லை என்று தெரிந்ததும் சிலர் புத்திசாலித்தனமாக ஒரு வேலை செய்வார்கள். "அச்சாபீஸ்ல அதே அட்டையில அழகா நிக்குதே, அந்த மையையே வாங்கித் தடவுனா?" என்று டின்னின் அடியில் கிடக்கும் ஆஃப்செட் மையை வாங்கி வந்து ஸ்டாம்பில் தடவுவது.

அட்டையில் நிற்கும், உண்மைதான். ஆனால் ஸ்டாம்பு நிற்காது. ஆஃப்செட் மை எண்ணெய் மை. ஆளி விதை எண்ணெய், சோயா எண்ணெய் போன்றவற்றோடு பெரும்பாலும் பெட்ரோலிய எண்ணெயும் சேர்ந்திருக்கும். இயற்கை ரப்பருக்குப் பெட்ரோலிய எண்ணெய் ஆகாது. ஊறி உப்பும். மெல்லிய கோடுகள் தடிக்கும், எழுத்தின் வயிறு அடைபடும். ரப்பர் அச்சு வைத்து அடிக்கிற பெரிய மெஷின்களில்கூட இயற்கை ரப்பருக்குத் தண்ணீர் மை அல்லது ஆல்கஹால் மைதான். எண்ணெய் மை ஓட வேண்டுமென்றால் அதற்கென்று நைட்ரைல் ரப்பர் உண்டு. தவிர, ஆஃப்செட் மை காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகித்தான் முழுதாகக் காயும். அதற்கு ஒரு ராத்திரியாவது வேண்டும். பிரஸ்ஸில் ரோலர் தடவுகிற மெல்லிய படலம் வேறு, வீட்டில் விரலால் தடவுகிற கெட்டிப் பூச்சு வேறு. அது எப்போது காயும் என்று ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது தப்பு: எல்லாத்துக்கும் ஜப்பான்

எதிர்ப் பக்கத்தில் ஒரு கூட்டம் இருக்கிறது. வீடியோ பார்த்துக் கைவினை கற்றவர்கள். இவர்களுக்கு ஊதா மை என்றாலே கேவலம். ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வருகிற பேடு இல்லாவிட்டால் அது கைவினையே இல்லை. பத்து கலர், இருபது கலர் செட், ஒவ்வொன்றும் உள்ளூர் பேடைவிடப் பல மடங்கு விலை.

இவர்கள் மை நல்ல மைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் காக்கிப் பையில் கடைப் பெயர் குத்துவதற்கு அது எதற்கு? அந்தப் பேப்பர் எந்த மையையும் உறிஞ்சும். சாதாரண பேடு மையே அங்கே போதும். விலை கூடின மை எல்லா இடத்திலும் நல்ல மை என்பதும், மலிவு மை எல்லா இடத்திலும் போதும் என்பதும் ஒரே சோம்பேறித்தனத்தின் இரண்டு முகங்கள். இரண்டு கூட்டமும் பேப்பரைத் தொட்டே பார்ப்பதில்லை.

அப்போ எதுதான் சரி?

பேப்பரை முதலில் பாருங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உள்ளே இறங்கினால் உறிஞ்சும் பேப்பர். முத்து மாதிரி உருண்டு நின்றால் பூச்சுப் பேப்பர். இந்தப் பரிசோதனைக்குச் செலவு ஒரு சொட்டுத் தண்ணீர். பிறகு:

உறிஞ்சும் பேப்பர், சில வாரத்தில் தூக்கிப் போடும் பொருள் (கடைப் பை, பில், விலைச் சீட்டு) என்றால் சாதாரணச் சாய மை போதும்.

உறிஞ்சும் பேப்பர், ஆனால் வருஷக் கணக்கில் வைத்திருப்பார்கள் (வாழ்த்து அட்டை, புக்மார்க், ஆல்பம்) என்றால் நிறமி மை. சாயம் என்பது தண்ணீரில் கரைந்த சர்க்கரை மாதிரி. நிறமி என்பது கரையாமல் மிதக்கும் நுண்ணிய தூள். ஊதா மையில் பரவலாகச் சேர்க்கிற மெத்தில் வயலட் வகைச் சாயங்கள் வெளிச்சத்தில் வெளிறிப் போகும். நிறமி மை அவ்வளவு சீக்கிரம் வெளிறாது. ஆனால் மெதுவாகத்தான் காயும், பொறுமை வேண்டும்.

பளபளக்கும் ஆர்ட் பேப்பர், ஃபாயில் அட்டை, பிளாஸ்டிக் என்றால் கரைப்பான் மை. இதில் கரைப்பான் ஆவியாகிப் போய், கலர் மட்டும் மேலே ஒட்டிக்கொள்ளும். உறிஞ்ச வேண்டிய தேவையே இல்லை. ஓசி அட்டையைத்தான் பயன்படுத்துவேன் என்பவர்கள் விலை கொடுத்து வாங்க வேண்டிய மை இதுதான். தண்ணீரில் கழுவினால் ஸ்டாம்பில் இருந்து போகாது, அதற்கென்று தனிக் கிளீனர் உண்டு. கண்ணாடி மாதிரி தெரியும் பாலிமர் ஸ்டாம்பு சிலவற்றுக்கு இந்த மை ஒத்துக்கொள்ளாது, நாளடைவில் கெட்டுப் போகும். ரப்பர் ஸ்டாம்பே உத்தமம்.

காசு இல்லையா? இன்னொரு வழி உண்டு. டூப்ளெக்ஸ் அட்டையைத் திருப்பிப் போடுங்கள். பின் பக்கத்தில் பூச்சு இருக்காது. சாம்பல் கலரில் கொஞ்சம் அழுக்காகத் தெரியும், அதையே ஒரு அழகாக மாற்றிக்கொள்வதுதான் கைவினை!

விளையாடக் கூடாத இரண்டு இடங்கள்

ஒன்று, சாப்பாடு. காகிதப் பையில் வடையும் சேவும் பால்கோவாவும் போட்டுக் கொடுப்பது இந்த மாவட்டத்தில் தினசரி நடப்பது. சாத்தூர் சேவு, 2019ல் புவிசார் குறியீடு வாங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, இரண்டுமே எண்ணெயும் நெய்யும் கசிகிற பண்டங்கள். எண்ணெய் பேப்பரை நனைத்துக்கொண்டு போய் மையைத் தொடும், மையைக் கூட்டிக்கொண்டு திரும்பி வரும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 பேக்கேஜிங் விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. அச்சடித்த பக்கம் உணவைத் தொடக் கூடாது, பழைய செய்தித்தாளில் உணவைச் சுற்றக் கூடாது, உணவுப் பொட்டலத்து அச்சு மை ஐ.எஸ். 15495 தரத்தில் இருக்க வேண்டும். ஸ்டாம்ப் பேடு மையைச் சாப்பாட்டுக்கென்று யாரும் தயாரிக்கவில்லை. மெத்தில் வயலட்டின் நெருங்கிய சொந்தமான ஜென்ஷியன் வயலட், ஒரு காலத்தில் வாய்ப்புண்ணுக்குத் தடவிய அதே ஊதா மருந்து. அது கலந்த மருந்துகளால் புற்றுநோய் அபாயம் இருக்கலாம் என்று கனடாவின் சுகாதாரத் துறை 2019ல் எச்சரித்தது. "எங்க தாத்தா காலத்துல தடவுனாங்களே" என்பது பதிலாகாது. சாப்பாட்டுப் பைக்குக் கடைப் பெயர் வேண்டுமென்றால் தனிச் சீட்டில் குத்தி வெளியே கட்டுங்கள்.

இரண்டு, நெருப்பு. கரைப்பான் மையும் அதன் கிளீனரும் தீப்பற்றும் ரகம். நிறமி மையின் மேல் பவுடர் தூவிச் சூடு காட்டி எழுத்தைப் புடைக்க வைக்கும் எம்பாஸிங் வேலைக்கு ஹீட் கன் வேண்டும். மற்ற ஊரில் இது வெறும் "ஜன்னலைத் திறந்து வையுங்கள்" சமாச்சாரம். சிவகாசிச் சுற்றுவட்டாரத்தில் அப்படி இல்லை. பட்டாசுக் கட்டோ திரியோ மருந்து ஒட்டின துணியோ இருக்கிற வீட்டில் ஹீட் கன்னை எடுக்கவே கூடாது. உயிருக்குப் பயந்து மாற்று வேலை தேடிப் போனவர்கள் அந்த வேலையிலும் தீயை வீட்டுக்குள் கூட்டி வந்தால் அது மாற்று வேலையே இல்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

"விலை கூடின மை கட்டுபடியாகாது" என்பதுதான் கடைசி வாதம். கட்டுபடி என்று சொல்லிவிட்டால் கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும். ஒரு உதாரணத்துக்கு: அட்டையின் அடக்க விலை 6 ரூபாய், விற்பது 10 ரூபாய், செய்தது 100 அட்டை என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் விற்றால் லாபம் 400. ஊதா மையால் 15 அட்டை இழுவிப் போனால் விற்றது 85, வரவு 850, செலவு 600, லாபம் 250. நல்ல மைக்கு அட்டைக்கு 50 காசு கூடுதல் என்றாலே 100 அட்டைக்கு 50 ரூபாய்தான். 100 அட்டையும் தேறினால் லாபம் 350. நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வீணாகிறது என்றால் மலிவு மைதான் விலை கூடின மை! அடக்கவிலைக் கணக்கில் அசாதாரண நட்டம் என்று ஒரு தலைப்பு உண்டு. கொஞ்சம் கவனமாக இருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய நட்டம். இழுவின அட்டை அந்தத் தலைப்பில்தான் வரும். அதைத் தலைவிதி என்ற தலைப்பில் எழுதுவதுதான் வழக்கமாக இருக்கிறது. திரும்பி வராமல் போகும் வாடிக்கையாளரை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை என்பதையும் கவனிக்கவும்.

யார் என்ன செய்ய வேண்டும்?

மை தயாரிப்பவர்கள், பாட்டிலில் கலர் பெயரோடு சாயமா நிறமியா, தண்ணீரா எண்ணெயா கரைப்பானா என்று தமிழில் ஒரு வரி போட வேண்டும். பெயின்ட் டப்பாவில் சுவருக்கா மரத்துக்கா இரும்புக்கா என்று போடுகிறார்கள் இல்லையா, அதே மாதிரி.

காகிதக் கைவினை சொல்லிக்கொடுக்கும் யாராக இருந்தாலும், மடிப்பும் ஒட்டலும் ஆரம்பிப்பதற்கு முன்னால் முதல் நாளை மைக்கு ஒதுக்க வேண்டும். நாலு வகைப் பேப்பர், மூன்று வகை மை, பன்னிரண்டு குத்து. ஒரு நிமிஷம் கழித்து, ஒரு மணி நேரம் கழித்து, மறுநாள் என்று மூன்று முறை கட்டை விரலால் தேய்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். பாதியை அட்டையால் மூடி இரண்டு வாரம் வெயிலில் வைக்கச் சொல்ல வேண்டும். விருதுநகர் வெயிலை இதற்காவது உபயோகப்படுத்தலாமே! இதற்குப் புத்தகம் வேண்டாம், ப்ரொஜெக்டர் வேண்டாம்.

வாங்குகிறவர்கள் கடைக்காரரிடம் கலரைச் சொல்லும் முன்னால் கையில் கொண்டு போன அட்டைத் துண்டை நீட்ட வேண்டும். "அண்ணே, இதுல குத்துனா நிக்குமா?" கேட்கக் கேட்கத்தான் கடைக்காரரும் கம்பெனிக்காரரிடம் கேட்பார்.

ஊருக்கே அச்சடித்துக் கொடுக்கும் சீமை இது. அங்கே ஒரு பெண் ராத்திரி முழுக்க உட்கார்ந்து செய்த அட்டை, வாங்கினவர் கையில் ஊதாவாக ஒட்டிக்கொண்டால் அந்த வெட்கம் அவளுடையது இல்லை. எந்தப் பேப்பருக்கு எந்த மை என்ற விஷயம் அந்த ஊர் பிரஸ்களில் தினமும் புழங்குகிறது. அது அடுத்த தெரு வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான் வெட்கம்.